ஓ.டி. தெரபிக்கு மொத்தமாக முன்பணம் கட்டுவோர் கவனத்திற்கு

முக்கூடலில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் என் தங்கை, மூளை முடக்குவாதம் உள்ள தன் மகனுக்கு ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) கொடுப்பதற்காக, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மையத்தில் ஆறு மாதப் ‘பேக்கேஜ்’ என்று 60,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினாள். சங்கிலியை அடகு வைத்துப் புரட்டிய பணம் அது.

கரண்டி பிடிப்பது, பொத்தான் போடுவது, பென்சிலை விரல்களுக்குள் நிறுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிள்ளையைப் பழக்கும் இந்தச் சிகிச்சையை, முறையான மதிப்பீடு செய்து, இலக்குகளை எழுதி வைத்த பிறகே தொடங்க வேண்டும். அங்கே மதிப்பீட்டு அறிக்கையே தரப்படவில்லை; தாயை அறைக்குள் விடவும் இல்லை. பயிற்சி கொடுத்தவர் அந்தப் படிப்பையே படிக்காத உதவியாளர் என்று தெரிந்து பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பேக்கேஜ் தொகையைத் தரும் வழக்கமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

இதோடு இன்னொரு இழப்பும் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தெரபிச் செலவையும் அதற்குரிய வரம்புக்குள் திரும்பப் பெறலாம். அதற்கு மருத்துவரின் பரிந்துரையும் முறையான அசல் ரசீதும் வேண்டும். அவர்கள் கொடுத்ததோ முத்திரையோ சிகிச்சையாளர் பெயரோ இல்லாத துண்டுச்சீட்டு. அதை வைத்து ஒரு ரூபாய்கூடக் கோர முடியவில்லை.

எனவே சிகிச்சையாளரின் பட்டச் சான்றிதழைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்; அந்தந்த அமர்வுக்கு மட்டும் கட்டி, அன்றன்றே ரசீது வாங்குங்கள். அதற்கும் முன்னால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை தரப்படுகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி உண்டு. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தாய்க்குக் கற்றுத்தரும் நல்ல சிகிச்சையாளர் கிடைத்தால், மையத்துக்குப் போகும் தடவைகளையும் பேருந்துச் செலவையும் குறைக்கலாம். அதனால்தான் தாயை வெளியே உட்கார வைக்கும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

ஏற்கெனவே பணம் கட்டித் தவிப்பவர்கள் துண்டுச்சீட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் பத்திரப்படுத்தி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நாங்களும் கொடுக்கப் போகிறோம்.