திருமலைல (திருகோணமலைல) இருந்து டெண்ட் அடிக்க எந்தக் குளம்? கந்தளாயா, கவுடுல்லயா, பெரியகுளமா?

நிலாவெளிக் கடக்கரைல டெண்ட் அடிச்சு அலுத்துப்போன ஆக்களுக்குத்தான் இது. உப்புக்காத்தும் வேணாம், ஹோட்டல் லைட்டும் வேணாம், ஒரு குளத்தோரத்துல மருதமர நிழல்ல ஒரு ராத்திரி படுத்தெழும்பணும் எண்டு ஆசைப்படுறவங்க எல்லாரும் கேக்கிறது "எந்தக் குளம் வடிவு?" எண்டுதான். வடிவு எல்லாம் வடிவுதான். நான் பாக்கிறது இந்த மாசம் அந்தக் குளத்துல தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு எண்டத. ஏனெண்டா தண்ணி இறங்க இறங்க அலைகரை, அதான் தண்ணி நிண்ட ஓரத்தரை, வெளிச்சு புல்லு முளைக்கும், சமதரை, மரமில்லாத வெட்டவெளி, தண்ணி பத்தடில, போட்டோவுக்கு அதை அடிச்சுக்க இடமே இல்ல, ஆனா பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அந்தப் புல்லுக்கு யானை இறங்கும், அதுவும் ஒண்டு ரெண்டா இல்ல. மழைக்குப் பிறகு பெப்ரவரி மார்ச்ல குளம் நிரம்பி நிக்கேக்க அந்த இடமே தண்ணிக்குள்ள கிடக்கும், அப்ப கதை வேற.

இதை மனசுல வச்சிட்டு மூண்டையும் பாப்பம்.

முதல்ல கந்தளாய், இதப்பத்தித்தான் கூடச் சொல்லோணும். டவுண்ல இருந்து ஏ6 ரோட்டால ஏறக்குறைய 40 கிலோமீட்டர், கொழும்பு போற பஸ் எல்லாம் அதால தான் போகுது, ரயிலும் நிக்கும், ஆக வாகனம் இல்லாத பொடியளுக்கு இத விட லேசான இடம் இல்ல. கடை இருக்கு, தள ஆஸ்பத்திரி இருக்கு, ரோட்டோரத்துல சட்டித் தயிர் இருக்கு. குளம் பெரிசு, கட்டு மட்டுமே 14,000 அடி நீளம். வரலாற்றுல ரெண்டாம் அக்கபோதி ராசா 7ஆம் நூற்றாண்டுல கட்டினது எண்டு சொல்லுவாங்க, எங்கட பக்கத்துல குளக்கோட்டன் எண்ட ராசா கட்டினான் எண்டு கோணேசர் கோயில் கதையோட சேத்துச் சொல்லுவாங்க, அந்தச் சண்டைக்கு நான் வரேல்ல.

ஆனா அந்தக் கட்டப்பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கோணும். 1986 ஏப்ரல் 20 விடியக்காலம் இந்தக் கட்டு உடைஞ்சு 100க்கு மேல சனம் செத்தது, கீழ இருந்த வயலும் வீடும் அள்ளுப்பட்டுப் போனது. பிறகு திருத்திக் கட்டிட்டாங்கதான், நாளைக்கு உடையும் எண்டு பயங்காட்டச் சொல்லேல்ல. நான் சொல்றது என்னெண்டா குளக்கட்டு எண்டது டெண்ட் அடிக்கிற மேடை இல்ல, அதுல ஆணி இறுக்கிறதோ அடுப்புக்குக் குழி தோண்டுறதோ கூடவே கூடாது, நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆக்கள் கண்டா எழுப்பித்தான் விடுவாங்க, அது சரியும்தான். துருசுக்கு, அதான் தண்ணி திறந்து விடுற மதகுக்கு, கிட்டக் குளிக்கிறதும் அப்பிடித்தான், மேல பாத்தா அசைவே இல்லாத தண்ணி, கீழ இழுவை வேற மாதிரி.

அப்ப எங்க படுக்கிறது? கட்டுக்கு எதிர்ப்பக்கம் காட்டோரம் நல்ல அமைதி, ஆனா அது யானை வாற பக்கம், அங்க ராத்திரிக்கு யானை கலைக்கப் போடுற யானைவெடிச் சத்தம் கேக்காத கிழமை குறைவு. எனக்குச் சரியெண்டு படுறது குளத்தோரத்துல வீடு காணி வச்சிருக்கிற ஆக்கள்ட கேட்டு அவங்கட வளவுக்குள்ள அடிக்கிறது. கொஞ்சக் காசு குடுக்க வேண்டி வரும், சில பேர் சமைச்சும் குடுப்பாங்க, டொய்லட் இருக்கும், பொம்பிளைப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறதெண்டா அது ஒண்டுக்கே கந்தளாய்க்கு என்ட வோட்டு. எல்லாத்தையும் விட, எந்த வேலி மின்வேலி, யானை எந்தக் கடப்பால வருது எண்டு அவங்களுக்குத் தெரியும், கூகுள் மேப்புக்குத் தெரியாது. "வனாந்தரத்துல தனிச்சு நிக்கிற பீல் வராதே" எண்டு சில பேர் மூஞ்சிய நீட்டுவாங்க. வராதுதான்.

ஒரு குறை, கச்சான் காத்து. ஜூன் ஜூலைல பகல் முழுக்க தென்மேக்கால இருந்து சுட்டெரிச்சுக்கொண்டு வரும், குளத்துக்கு மேலால வந்து கட்டுப் பக்கமா அடிக்கும், மலிவு டெண்டுகள்ட கம்பி வளைஞ்சிரும், அடுப்பும் பத்தாது. ராத்திரி எட்டு ஒம்பது மணியாக ஓரளவு அடங்கும். அந்த மாசங்கள்ல வெட்டவெளில விறகு மூட்டவே வேணாம், காஞ்ச இலுக்குப் புல்லுக்கு ஒரு பொறி போதும், சின்ன கேஸ் குக்கரக் கொண்டு போங்க.

கவுடுல்ல வேற ஜாதி. கந்தளாயத் தாண்டி ஹபரண பக்கமா, அக்போபுர, கல்லோயா சந்தி எல்லாம் கழிச்சு ஹத்தரஸ்கொட்டுவ பக்கத்தால உள்ளுக்குப் போகணும். குளம் மகாசேனன் ராசா காலத்துது, சுத்தியுள்ள காட்டோட சேத்து 2002ல தேசிய பூங்காவா ஆக்கினாங்க. பூங்கா எண்டபடியா நெனைச்ச இடத்துல டெண்ட் அடிக்க ஏலாது, வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கின இடத்துல மட்டும்தான், அதுவும் முன்கூட்டியே புக் பண்ணி, டிக்கெட்டு, சேர்விஸ் சார்ஜ், ஜீப் எண்டு எல்லாம் கூட்டிப் பாத்தா ரெண்டு பேர் போனா கையக் கடிக்கும், ஏழெட்டுப் பேரா போனா பரவாயில்ல. பாட்டுப் போட ஏலாது, இருட்டின பிறகு எல்லையத் தாண்டி நடக்க ஏலாது, பிளாஸ்டிக் குப்பை எல்லாம் திருப்பிக் கொண்டு வரோணும். பார்ட்டி போடப் போற செட்டுக்கு இது சரிவராது, தயவுசெஞ்சு போகாதீங்க.

ஆனா காசுக்கு வாறது என்னெண்டா, நான் மேல சொன்ன அதே புல்லு. ஆகஸ்ட், செப்டெம்பர், சில வருஷம் ஒக்டோபர் வரைக்கும் குளம் வத்தி வெளிச்ச தரைக்கு யானைக் கூட்டம் கூட்டமா வரும். கந்தளாய்ல எத நெனைச்சுப் பயந்து வளவுக்குள்ள படுத்தமோ அதையே இஞ்ச காசு குடுத்துப் பாக்கிறம், என்ன வித்தியாசமெண்டா கூட ஒரு வழிகாட்டி நிப்பார், படுக்கிற இடமும் அவங்க பாத்து ஒதுக்கினது. இதுல ஒரு சிக்கல், யானை வாறது மழைய மட்டும் நம்பியில்ல. மின்னேரியா, கவுடுல்ல, கந்தளாய் எல்லாம் ஒரே வாய்க்கால் தொடர், மேல இருந்து வயலுக்கெண்டு தண்ணி திறந்து விட்டா வறட்சி மாசத்துலயும் குளம் நிரம்பும், புல்லு மூழ்கும், யானை வேற பக்கம் போயிரும். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு இந்தப் பிரச்சினை கூடினதெண்டு காட்டுவிலங்கு பாக்கிற ஆக்கள் கொஞ்ச வருஷமா கத்திக்கொண்டுதான் இருக்கிறாங்க. ஆக புக் பண்ண முதல் ஹபரண பக்கத்து ஜீப் டிரைவர் யாருக்காவது கோல் எடுத்து "தண்ணி எப்பிடி அண்ண, தரை வெளிச்சிருக்கா?" எண்டு கேளுங்க. போன வருஷத்துப் போட்டோவ நம்பி பிளேன் போடாதீங்க.

பெரியகுளம் சின்னக் கதை. பேர்தான் பெரியகுளம், மத்த ரெண்டுக்கும் பக்கத்துல வச்சா குட்டை. டவுண்ல இருந்து பைக்ல அரை மணித்தியாலம்கூட ஆகாது, பின்னேரம் வேலை முடிச்சுப் போய் விடிய வந்திரலாம், அதுதான் அதுட முழுப் பலமும். பக்கத்துல வெல்கம் விகாரை இருக்கு, எங்கட ஆக்கள் நாதனார் கோயில் எண்டு சொல்றது, சோழர் காலத்துல இராஜராஜப் பெரும்பள்ளி எண்டு பேர் வாங்கின பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டு கிடைச்ச இடம், பகல்ல ஒருக்காப் போய்ப் பாக்கத்தான் வேணும். ஆனா விகாரைக் காணிக்குள்ளயும் தொல்பொருள் எல்லைக்குள்ளயும் டெண்டோட போய் நிக்கிறது சரியில்ல, போயா நாள்ல, அதான் பௌர்ணமில, அந்தப் பக்கம் சனமும் வரும். விடிய எழும்பி கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழுலயும் ஒவ்வொரு வாளி ஊத்திட்டு வீட்ட போனா அலுப்பு தெரியாது. முதல்முறை டெண்ட் வாங்கினவங்க, அடிக்கத் தெரியுதா எண்டு பாக்க இஞ்ச போங்க. குளத்து அகலத்தப் பாத்து மனசு விரியோணும் எண்டா இது காணாது.

மூண்டுக்கும் பொதுவா சிலது. குளத்துத் தண்ணியக் குடிக்காதீங்க, காய்ச்சினாலும் வேணாம், இந்தப் பக்கம் சிறுநீரக வருத்தம் உள்ள ஊர்கள் இருக்கு, ஊராக்களே பில்டர் தண்ணிதான் வாங்கிக் குடிக்கிறாங்க, நீங்களும் கேன்ல நிரப்பிட்டுப் போங்க. கால்ல வெட்டுக்காயம் இருந்தா வயல் சேத்துக்குள்ள இறங்க வேணாம், எலிக்காய்ச்சல் வரும். முதலை எல்லாப் பெரிய குளத்துலயும் இருக்கெண்டு வச்சுக்கொள்ளுங்க, இருட்டுல சட்டி கழுவ தண்ணிக்கரைக்குப் போறதுதான் மோசமான வேலை. பாம்புல புடையன விட எனக்குப் பயம் கட்டுவிரியன், ராத்திரில நிலத்துல படுத்திருக்கிற ஆளத்தான் கடிக்கும், கடிச்சது சில நேரம் தெரியவும் தெரியாது, அதால வெக்கை எண்டு சொல்லி டெண்ட் சிப்பத் திறந்து வச்சிட்டுப் படுக்காதீங்க, நெட்டால காத்து வரும். ஏதும் நடந்தா 1990 எண்ட நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸக் கூப்பிடுங்க. மாம்பழம், பலாப்பழம், உப்புச் சாமான் எல்லாம் டெண்டுக்குள்ள வச்சிட்டுத் தூங்கினா யானைக்கு மணம் போகும், வாகனத்துக்குள்ள போட்டுப் பூட்டுங்க.

முதலிக்குளத்த, அதான் மொரவெவவ, நான் தனியா எடுக்கேல்ல. ஏ12 ரோட்டால பன்குளம் தாண்டிப் போற பயணமே வடிவு, குளமும் பெரிசு, சனமும் குறைவு, ஆனா அங்க வளவு தர ஒரு தெரிஞ்ச குடும்பம் இல்லாட்டி யானைப் பிரச்சினையால போக மனம் வராது. அப்பிடி யாரும் இருந்தா கந்தளாய விட அதத்தான் எடுப்பன். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் ஒண்டும் வேணாம், வாடை மழைக்கு நிலம் முழுக்க சேறு, குளம் நிரம்பி வான் பாயுறதப் பாக்கோணுமெண்டா பகல்ல போயிட்டு வாங்க.

மின்னேரியாவ ஏன் விட்டாய் எண்டு கட்டாயம் ஆராவது கேப்பீங்க. யானை அங்கதான் கூட, அது உண்மை, ஆனா சீசன் நேரம் ஜீப்பும் அங்கதான் கூட, திருமலைல இருந்து தூரமும் கூட, ஒரு ராத்திரிக்கு அவ்வளவு ஓட்டம் எனக்குக் கட்டுப்படியாகேல்ல.