ஆணியா, மல்டிமீட்டரா, தெர்மாமீட்டரா? உலோகங்களின் வினைத்திறனை ஒப்பிட ஏற்ற வழி

பத்தாம் வகுப்புக்கு வினைத்திறன் வரிசையை, அதாவது எந்த உலோகம் எதைவிட எளிதில் வினைபுரியும் என்ற வரிசையை, மனப்பாடமாக இல்லாமல் சோதனையாகச் செய்து காட்ட மூன்று வழிகள் இருக்கின்றன. காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணி போன்ற உலோகத்தைப் போட்டு நிறம் மாறுவதைப் பார்க்கலாம், இரண்டு உலோகங்களை மின்கலமாக்கி மல்டிமீட்டரில் வோல்டேஜ் எடுக்கலாம், அதே கரைசலில் உலோகத்தைப் போட்டதும் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கலாம். நான் பிடித்துக்கொண்டது மூன்றாவது.

ஆணிச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவே கிடையாது, ஆணியில் செம்பு படியும், நீலம் வெளிறும். ஆனால் துத்தநாகமும் மெக்னீசியமும் அதையேதான் செய்யும். எது எவ்வளவு முந்தியது என்று ஒரு பிள்ளை கேட்டால் கையில் எண் இருக்காது.

வெப்பநிலை வழியில் எண் கிடைக்கிறது. 5 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட் படிகம்) நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் ஏறக்குறைய 0.2 மோலார் கரைசல். அதில் 25 மி.லி. எடுத்து, உலோகத் தூளைத் தேவைக்கு அதிகமாகவே போட்டுக் கலக்க வேண்டும். வெப்பம் துளியும் வெளியேறாவிட்டால் இரும்புக்கு 7 டிகிரி, துத்தநாகத்துக்கு 10, மெக்னீசியத்துக்கு 25 ஏறவேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் கொஞ்சம் குறையும். தீர்ந்துபோவது கரைசலில் உள்ள செம்பு அயனிதான், உலோகமல்ல. அதனால் ஒரு கிராம் துத்தநாகத்துக்குப் பதில் ஒன்றரை கிராம் விழுந்தாலும் குடி முழுகிவிடாது. தராசு சுமாராக இருக்கும் ஆய்வகத்துக்கு இது பெரிய ஆறுதல்.

முடிவைப் புரட்டிப் போடுவது எடையல்ல, உலோகத்தின் வடிவம். துத்தநாகத்தைக் குருணையாகவும் இரும்பை நுண்தூளாகவும் போட்டுப் பாருங்கள், இரும்பு ஜெயித்த மாதிரியே தெரியும். குருணையின் மேல் உடனே செம்பு படிந்து வினை மந்தமாகிறது. மெல்ல வரும் வெப்பம் வந்த வேகத்திலேயே காற்றுக்குப் போய்விடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கணக்கிலேயே 3 டிகிரிதான், அது தொலைய அதிக நேரம் ஆகாது. அதனால் எல்லாமே ஒரே அளவு நுண்தூளாக வேண்டும். லேத் பட்டறையில் சும்மா கிடைக்கும் இரும்புத் துகளில் எண்ணெய் இருக்கும், கழுவிக் காயவைப்பதற்குள் துருப்பிடிக்கும். காசு கொடுத்துத் தூளாகவே வாங்கிவிடுவது மேல். மெக்னீசியம் நாடாதான் இருக்கிறது என்றால் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். அது நீரோடும் வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழ் விடுவதால், அதன் எண்ணில் ஒன்றிரண்டு டிகிரியை நான் நம்புவதில்லை. வரிசையில் முதலிடம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

வெளியேறும் வெப்பத்துக்கும் ஒரு வழி உண்டு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வந்து, மூன்றாவது நிமிடத்தில் உலோகத்தைப் போட்டு, பத்து நிமிடம் வரை தொடர வேண்டும். வரைபடத்தில் இறங்குகோட்டைப் பின்னோக்கி மூன்றாவது நிமிடம் வரை நீட்டினால் உண்மையான உச்சம் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரித் தடைக்குப் பின் தெர்மாகோல் கப் கடையில் கிடைப்பதில்லை. டிவி பெட்டியில் வரும் தெர்மாகோலில் குழி வெட்டிச் சின்ன பீக்கரை இறக்கினால் போதும்.

மல்டிமீட்டரைக் குறைத்துச் சொல்லமாட்டேன். தூளா, தகடா என்ற தொல்லையே அதில் இல்லை. வோல்டேஜ் உலோகத்தின் அளவைப் பார்ப்பதில்லை. துத்தநாகம், செம்பு ஜோடிக்கு 1.1 வோல்ட் ஏறக்குறைய அப்படியே வரும். கறாராகச் சொன்னால் வினைத்திறனுக்கு நெருக்கமான அளவும் அதுதான். ஆனால் ஒவ்வோர் உலோகத்துக்கும் அதனதன் உப்புக் கரைசல், இரு கரைசல்களையும் இணைக்கும் உப்புப் பாலம் என்று தயாரிப்பு நீளும். மெக்னீசியம் ஏட்டில் உள்ள 2.7 வோல்ட்டுக்குக் கிட்டேயே வராது. எல்லாவற்றையும்விட, ஓர் உலோகம் இன்னொன்றை வெளியேற்றுகிறது என்பதைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் பார்க்க முடியாது. இங்கே கையில் பிடித்த பீக்கர் சுடுகிறது, நீலம் போகிறது, அடியில் செம்பு படிகிறது.

அலுமினியத்தை மட்டும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதன் மேலுள்ள ஆக்சைடு படலத்தால் காப்பர் சல்பேட்டில் சும்மா கிடக்கும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் திடீரென்று கொதிப்பேறும். அது எப்போது கிளம்பும் என்பது தடவைக்குத் தடவை மாறுவதால், அந்த எண்ணை மற்றவற்றோடு வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மிஞ்சும் நீலக் கரைசலைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், செம்பு மீன்களுக்கு நஞ்சு. மிச்சமிருக்கும் இரும்புத் தூளை அதில் போட்டு ஓர் இரவு வைத்து, நீலம் முழுக்கப் போனதா என்று பார்த்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.