மணிக்கட்டு வலிக்கு விசைப்பலகை வாங்கப் போகிறீர்களா? பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் படியுங்கள்

பல வருடங்களாக இரண்டு மணிக்கட்டிலும் வலியோடு எழுதுகிறவள் நான். ஒரு நாளைக்குக் கை எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் எழுத்து. அதனால் 'வலிக்கு நிரந்தரத் தீர்வு, மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்ற விளம்பரத்தில் விழுந்துவிட்டேன். வாங்கும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன்: பலகை இரண்டு துண்டாகப் பிரியுமா? ஒரு கீயை அழுத்த எத்தனை கிராம் தேவை? "பிரியும், கீ எல்லாம் பஞ்சு மாதிரி" என்றார். கிராம் கணக்கு வரவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

வந்தது ஒரே பலகை. நடுவில் பிளந்த மாதிரி வளைவு மட்டும். தோள் அகலத்துக்குக் கைகளை விரித்து வைக்க வழியில்லை. பின்பக்கக் கால்கள் மடங்காதவை. மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தே நிற்கிறது. எங்களைப் போன்றவர்களுக்குப் பலகை தட்டையாக இருக்க வேண்டும், முன்பக்கம் சற்று உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

கீ ஒன்றின் மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். கீ இறங்கியதும் அவற்றை எடை போட்டால் 70 கிராமுக்கு மேல்! நான் பழகியது 45. ஒரு பக்கம் எழுத எத்தனை முறை விரல் இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

கூடவே ஒரு மணிக்கட்டுத் திண்டு, தட்டும்போதெல்லாம் அதில் கையை ஊன்றச் சொல்லி ஒரு குறிப்பு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். திண்டு இடையிடையே கையை ஆற வைக்கத்தான். ஊன்றியபடி தட்டினால் மணிக்கட்டின் குறுகிய பாதையில் போகும் நரம்பு அழுந்தும்.

மூன்றாம் நாள் கட்டைவிரல் அடியில் எரிச்சல். அப்புறம் இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. ஒப்புக்கொண்ட கட்டுரை கைவிட்டுப் போனது. அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

திருப்பித் தருகிறேன் என்றதற்கு, "உடம்பில் படும் பொருள், பிரித்துவிட்டால் வாங்க மாட்டோம்" என்றார்கள். தட்டிப் பார்க்காமல் வலிக்குமா என்று எப்படித் தெரியும்? 'பயன்படுத்திய பிறகும் திருப்பலாம்' என்று எழுத்தில் தராதவர்களிடம் வாங்காதீர்கள். விளம்பரப் பக்கத்தையும் அவர்கள் பதிலையும் அன்றே படமெடுத்து வையுங்கள். நான் கேட்ட மறுநாள் 'பிரியும்' என்ற வரி அவர்கள் பக்கத்தில் இல்லை.

இப்போது பெரும்பகுதியைக் குரலால் சொல்லி எழுதுகிறேன். திருத்த மட்டும் தமிழ் 99 என்ற தமிழ் விசை அமைப்பு, பழைய பலகையில். புள்ளி பல இடங்களில் தானே விழுகிறது, ஷிஃப்டுக்குச் சுண்டுவிரல் நீட்டும் வேலையும் குறைவு.