புறக்கோட்டைத் தூண்டில் கடை: பாறையில் நின்று வீசுபவர்களுக்கு எந்தளவு உதவும்?

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு போடுவேன். குறைத்த ஒன்று சப்பாத்துக்கும் லைஃப் ஜக்கட்டுக்குமானது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கடை பழைய சோனகத் தெருவை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துப்போய்விட்டது, ஆனால் "தூண்டில் நானா கடை" என்று கேட்டால் மூட்டை இழுக்கிற நாட்டாமிமார்களே கை காட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வலையும் கயிறும் விற்கிற கடை மாதிரித்தான் தெரியும். உள்ளே போய், கயிற்றுச் சுருள்களைத் தாண்டினால் பின்னால் கண்ணாடி அலுமாரியில் ரீல்கள்.

நாங்கள் சாமான் சேர்த்தது தென்கரைப் பயணத்துக்கு. திக்வெல்லைக்கு அந்தப் பக்கம், குடாவெல்லையில் கடல்நீர் பாறைத் துளையால் பீச்சியடிக்கும் ஹும்மானய இருக்கிறதல்லவா, அதே மாதிரிப் பாறைக்கரை, ஆனால் சுற்றுலா ஆட்கள் வராத இடங்கள். பாரை, சீலா, கட்டா, அதிர்ஷ்டம் இருந்தால் அறுக்குளா. (இன்னும் கிழக்கே உஸ்ஸங்கொடையின் சிவப்பு மேட்டைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு: அது 2010 முதல் தேசிய பூங்கா, தூண்டிலோடு போகிற எண்ணத்தை விடுங்கள்.) அதிவேகப் பாதை 2014 இல் மாத்தறைக்கும் 2020 இல் அம்பாந்தோட்டைக்கும் வந்துவிட்டதால் போய்ச் சேருவது பெரிய வேலையே இல்லை. வண்டியை விட்டு இறங்கி, பற்றைக்குள்ளால் நடந்து பாறைக்குப் போன பிறகு ஒரு ஸ்விவல் (நூல் முறுகாமல் சுழலும் இணைப்பு வளையம்) குறைந்தாலும் வாங்க வழியில்லை, அதுதான் பிரச்சினை. எல்லாவற்றையும் கொழும்பிலேயே யோசித்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு யோசிக்கத் தெரிந்த கடைக்காரர் வேண்டும்.

நான் பட்டியலை நீட்டினேன். நானா அதைக் கையில் வாங்கவே இல்லை.

"தம்பி, எங்க நிண்டு வீசப்போறீங்க? தண்ணி எத்தன அடி கீழ?"

"இருபதடி இருக்கும் நானா."

"அப்ப மீன் புடிச்சா எப்பிடி மேல எடுப்பீங்க?"

ஏசி போட்ட கடைகளில் முதல் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு சேர்" என்பதுதான். இங்கே மீனை மேலே கொண்டுவருகிற வழியைச் சொன்ன பிறகுதான் அலுமாரியே திறந்தது. நாலு நட்சத்திரத்தில் பெரும்பங்கு அந்த ஒரு கேள்விக்குத்தான்.

நூல் விஷயத்தில் இந்தக் கடையை அடிக்க ஆளில்லை. நான் எட்டு இழைப் பிரெய்ட் (மெல்லிய இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்) கேட்டேன், எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், வழுவழுவென்று ஓடும், தூரம் போகும். அவர் நாலு இழையை எடுத்து வைத்தார். ஒரே பலத்துக்கு இழை எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு இழையும் தடிப்பு, பாறை விளிம்பில் உரசும்போது கொஞ்சம் கூடத் தாக்குப்பிடிக்கும் என்பது அவர் கணக்கு, அதில் பிழையில்லை. ஆனாலும் எந்தப் பிரெய்ட்டும் இழுவைக்குத்தான் பலசாலி, உரசலுக்குக் கோழை. அதனால் ஐம்பது இறாத்தல் பிரெய்ட்டுக்கு முன்னால் எண்பது இறாத்தல் தங்கூசியை (ஒற்றை இழை நைலோன் நூல்) ஓர் ஆள் உயரத்துக்கு மேல் லீடராக, அதாவது கொக்கிப் பக்கத்து முன்நூலாக, போடச் சொன்னார். ஃபுளோரோகாபன் லீடர் விலை கூடியது, லாபமும் கூடியதாகத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம் என்றார்: அது தண்ணீரில் வேகமாகத் தாழும், மேல்தண்ணியில் ஓட வேண்டிய பொப்பர் என்ற செயற்கை இரையின் மூக்கைக் கீழே இழுக்கும், சாதாரணத் தங்கூசி போதும். விலை கூடிய சாமானை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலிவானதை வெட்டித் தருகிற கடைக்காரரைக் கொழும்பில் தேடிப் பாருங்கள்.

ரீலில் நூல் சுற்றித் தருவதற்குக் காசு எடுப்பதில்லை, நூல் அங்கே வாங்கியிருந்தால். சுற்றுகிற விதத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் அடியில் கொஞ்சம் தங்கூசி, ஏனென்றால் பிரெய்ட்டை நேரே ஸ்பூலில் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது முழுச் சுற்றும் அப்படியே வழுக்கிச் சுழலும், ட்ராக் (மீன் இழுக்கும்போது நூலை அளவாக விடும் ரீல் பிரேக்) உடைந்துவிட்டதோ என்று நினைப்பீர்கள். அதன் மேல் பிரெய்ட்டை நனைத்த துவாயால் பிடித்து இறுக்கி இறுக்கிச் சுற்றுகிறார், பையன் கைப்பிடியைச் சுழற்ற இவர் பிடிக்கிறார், வியர்த்துவிடுகிறது. தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துகொள்ளும், அடுத்த வீச்சில் நூல் அறுந்து லூர் (செயற்கை இரை) மட்டும் இந்து சமுத்திரத்துக்குப் போகும். பிரெய்ட்டையும் லீடரையும் சேர்க்கிற எஃப்ஜி முடிச்சையும் நூலைப் பல்லால் கவ்வி இழுத்துக் கட்டிக் காட்டினார். மெல்லிய முடிச்சு, ரொட்டின் வளையங்களுக்குள்ளால் தட்டாமல் ஓடும், ஆனால் இறுக்கம் விடாமல் கட்டாவிட்டால் நழுவும். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே கட்டிப் பழகிக்கொண்டு போங்கள், காற்றடிக்கிற பாறையில் நின்று பழக முடியாது.

ரீலுக்கு வருவோம். அலுமாரியில் ஷிமானோ சரகோசா, டைவா பிஜி, பென் ஸ்பின்ஃபிஷர் ஆறாம் பதிப்பு மூன்றும் இருந்தன. நான் எடுத்தது பென். அதன் உடலும் ஸ்பூலும் ஐபிஎக்ஸ்5 அளவுக்கு அடைக்கப்பட்டவை, உள்ளே காபன் இழை ட்ராக் வட்டுகள். ஐபிஎக்ஸ்5 என்றால் பீச்சியடிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம், கடலுக்குள் அமிழ்த்தி எடுக்கலாம் என்றல்ல, சில விற்பனையாளர்கள் அப்படியும் சொல்லி விற்கிறார்கள். பாறையில் அலைத் தூவானம் எந்நேரமும் அடித்துக்கொண்டிருக்கும், அதற்கு இது போதும். கொஞ்சம் பாரமான ரீல், கை வலிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. விலையைப் பற்றி நானாவோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை போனது, 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம், இதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

ட்ராக்கைக் கைமதிப்பில் இறுக்கவும் அவர் விடவில்லை. ஒரு தொங்கு தராசை நூல் நுனியில் கொளுவி, நூலின் பலத்தில் மூன்றிலொரு பங்கில் வழுக்கத் தொடங்குகிற மாதிரி வைத்தார். ஐம்பது இறாத்தலுக்கு ஏழரைக் கிலோ அளவுதான் வந்தது. பெட்டியில் அதைவிட எவ்வளவோ கூடுதலாகப் போட்டிருக்கிறதே என்று என்னோடு வந்த மச்சான் கேட்டதற்கு, "ஏழு கிலோவ முதல்ல நிண்டு புடிச்சுப் பாருங்க" என்று நூலைப் பிடித்து இழுத்தார். மச்சான் இரண்டடி முன்னால் போய்விட்டான். கடையின் சீமெந்துத் தரையில் நடந்தது, ஈரப் பாறையில் நடந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரொட் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. பத்தடி, 100 கிராம் வரை வீசக்கூடியது, நூலைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளிப் பிடிக்க அந்த நீளம் வேண்டும். படகில் பாவிக்கிற கட்டை ரொட்டைக் கொண்டுபோனால் நூல் விளிம்பில் அறுபடும். ரொட் பெட்டி வாங்க வேண்டாம், அதே தெருவில் ஹார்ட்வெயார் கடையில் எஸ்-லோன் பைப் ஒரு துண்டும் இரண்டு மூடியும் வாங்கினால் ரயிலில் யார் மிதித்தாலும் உடையாத உறை தயார்.

லூர் வகையில் கடை சுமார். பொப்பர் நாலைந்து நிறம், ஸ்டிக்பெய்ட் அதைவிடக் குறைவு. உலோக ஜிக் மட்டும் நிறைய, 60 கிராமில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், காற்று முகத்துக்கு நேரே அடித்தால் அதுதான் போகும். கொக்கிகளில் மஸ்டாட், ஓனர், பிகேகே இருக்கின்றன. முன்பு வேறோர் இடத்தில் பெயர்போன கம்பனியின் பெட்டியில் வாங்கிய கொக்கி குறட்டால் லேசாக இழுத்ததுமே விரிந்து நேராகிவிட்டது, பெட்டி மட்டும்தான் அந்தக் கம்பனியைப் போல இருந்தது. நானா பெட்டியிலிருந்து எந்தக் கொக்கியை வேண்டுமானாலும் நீங்களே எடுத்துக் குறட்டால் இழுத்துப் பார்க்க விடுகிறார். லூரோடு வருகிற மும்முனைக் கொக்கிகளைக் கழற்றி ஒற்றைக் கொக்கி மாட்டித் தருவார், கேளுங்கள். மீனைத் திரும்ப விடுவதற்கும் நல்லது, உங்கள் கையில் ஏறினால் எடுப்பதற்கும் நல்லது.

இனி அந்தக் கேள்வி, மீனை எப்படி மேலே எடுப்பது. இருபதடி உயரத்துக்கு மீனை நூலால் தூக்க முடியாது, கீழே இறங்கினால் அலை உங்களை எடுக்கும். ஆஸ்திரேலியப் பாறைகளில் கிளிஃப் காஃப் என்று ஒன்று வைத்திருப்பார்கள்: பாரம் கட்டிய பலமுனைக் கொக்கி, அதை ஒரு வளையத்தால் தூண்டில் நூலிலேயே கோத்து மீன்வரை வழுக்கவிட்டு, தனிக் கயிற்றால் இழுத்து எடுப்பது. (அதே ஆட்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்டீப் பொயின்ற் பாறையிலிருந்து ஹீலியம் பலூனில் இரையைக் கட்டிக் காற்றில் கடலுக்கு அனுப்பி, நம் அறுக்குளாவையே பிடித்து வந்தார்கள். நானாவிடம் சொன்னேன், பலூன் கடை அடுத்த தெருவில் என்றார்.) கிளிஃப் காஃப் இங்கே ஆயத்தமாக இல்லை. படம் காட்டியதும் புரிந்துகொண்டு ஸ்டெயின்லெஸ் கம்பியை வளைத்து, நடுவில் ஈயம் ஊற்றி, தனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறையில் செய்வித்துத் தந்தார், கேட்டுப் போன நாளில் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விட்டுவிடப் போகிற மீனுக்கு அது ஆகாது. அதற்கு நண்டு வலை வளையத்தைப் பெரிதாக்கி, நாலு பக்கமும் கயிறு கட்டி, கீழே இறக்குகிற கூடைவலையாக்கித் தந்தார். இரண்டுக்கும் பத்து மில்லிமீற்றர் கயிறு, கையை அறுக்காத தடிப்பு. இந்த வேலைக்காகவே கடைக்குப் போகலாம்.

சரி, குறைத்த நட்சத்திரம். சப்பாத்து என்று கேட்டால் ரப்பர் பூட்ஸை நீட்டுகிறார்கள். பாசி பிடித்த பாறையில் அந்த வழுவழுத்த அடி வழுக்கும், தண்ணீர் உள்ளே போனால் காலோடு சேர்ந்து கனக்கும். வேண்டியது ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடி அல்லது ஆணி பதித்த அடி, அது அங்கே கிடையாது. லைஃப் ஜக்கட் என்று தொங்குவது படகுச் சவாரிக்குக் கொடுக்கிற செம்மஞ்சள் பஞ்சுப் பை, எத்தனை நியூட்டன் மிதப்பு என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. நியூசவுத்வேல்ஸில் பாறை மீன்பிடிக்கென்றே 2016 இல் தனிச் சட்டம் போட்டார்கள், அறிவித்த இடங்களில் லைஃப் ஜக்கட் இல்லாமல் பாறையில் தூண்டில் போட முடியாது. காற்று நிரப்புகிற வகையும் பாறைக்கு அவ்வளவு தோதில்லை, மட்டியும் சிப்பியும் கிழித்துவிடும், ஃபோம் வகையே நல்லது. நான் மெல்பேர்னிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லி எடுத்தேன். நூலிலும் ட்ராக்கிலும் இவ்வளவு கண்டிப்பான ஒருவர் இந்த இரண்டு சாமானையும் "ஓடர் குடுத்தா எடுக்கலாம் தம்பி" என்று தள்ளிப்போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, அதை அவரிடமே சொன்னேன்.

ஏனென்றால் நம் கரையில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றரும் இல்லை, அதை நம்பி ஆட்கள் தாழ்ந்த பாறைக்கு இறங்குகிறார்கள், ஆளை அடித்துக்கொண்டு போவது எங்கோ தென்கடலில் கிளம்பிக் கூட்டமாக வருகிற பெரிய அலை. போய் இறங்கியதும் அரைமணி நேரம் எதையும் விரிக்காமல் பாருங்கள், எந்தப் பாறை நனைகிறதோ அதில் நிற்க வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை தென்கரை ஓரளவு விடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அப்போது கிழக்குக் கரைக்குப் போங்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லாருடைய போனிலும் போட்டுவையுங்கள், சிக்னல் இருக்கிற இடத்தையும் பார்த்துவையுங்கள்.

கடைக்குக் காரில் போகாதீர்கள், நிறுத்த இடமில்லை, கோட்டையில் ரயிலால் இறங்கி நடப்பது மேல். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பூட்டு. கார்ட் எடுப்பார்கள், ரீலின் உத்தரவாத அட்டையில் முத்திரை குத்தச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், அவராகக் குத்த மாட்டார். நூல் சுற்றுகிற வேலை இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரத்தில் நீர்கொழும்பு வள்ளக்காரர்கள் மொத்தமாக வலை எடுக்க வந்துவிடுவார்கள், அப்புறம் நானா உங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.