சார்ல்ஸ்டனில் கோடை வந்தால்: வண்டியா, ரயிலா, கப்பலா?

உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்காவில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுக நகரைச் சுற்றிய கடலோரத்து நெல் பண்ணையார்களுக்கு மே மாதம் பிறந்தாலே ஊரைவிட்டுக் கிளம்பும் அவசரம். சிலர் மலைக்கு, சிலர் வடக்கு மாநிலங்களுக்கு. வயலில் தண்ணீர், கொசு, மலேரியா. உறைபனி விழும்வரை பண்ணைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். வயலில் நின்ற அடிமைகள் எங்கே போவார்கள்? அங்கேயேதான்.

மலைக்கு, அதாவது வட கரோலினாவின் ஃபிளாட் ராக்குக்கு, சொந்தக் குதிரை வண்டிதான் பழைய வழக்கம். இரண்டு வாரம் வரை ஆகும். சேற்றுப் பகுதிகளில் மரக்கட்டைகளைக் குறுக்கே அடுக்கியதுதான் சாலை, இடுப்பு கழன்றுவிடும். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், அது ஒன்றுதான் வசதி. சக்கரம் புதைந்தால் இறங்கித் தள்ளியது பண்ணையார் இல்லை.

ரயில் வேகம்தான். 1833-இல் சார்ல்ஸ்டனிலிருந்து அதே மாநிலத்தின் ஹாம்பர்க் ஊர் வரை ஓடிய 136 மைல் பாதை, அன்றைக்கு உலகிலேயே நீளமானது. ஆனால் எரிப்பது விறகு. ஜன்னலைத் திறந்தால் புகையும் தீப்பொறியும், மூடினால் புழுக்கம். வடக்கே போவதென்றால் இன்னும் பாடு: கம்பெனிக்குக் கம்பெனி பாதை தனி, சில இடங்களில் தண்டவாள அகலமே வேறு. டிரங்குப் பெட்டி, கைக்குழந்தை, ஆயா என்று எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும்.

வடக்கே போக, விளம்பரத்தைப் பார்த்தால் நீராவிக் கப்பல்தான் சுகம். சவானாவிலிருந்து சார்ல்ஸ்டன் வழியாக பால்டிமோர் போன புலாஸ்கி கப்பலுக்கு ‘கடலில் ஒரே ஓர் இரவு’ என்றுதான் விளம்பரம். 1838 ஜூன் 14, அந்த ஓர் இரவில் கொதிகலன் வெடித்தது. முக்கால் மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. பணக்காரப் பண்ணைக் குடும்பங்கள் பல அதில் இருந்தன. பயணிகளில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை.

என்னைக் கேட்டால், குழந்தைகளோடு வடக்கே போக ரயில்தான். கப்பலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பது. 1852-இல் வர்ஜீனியாவின் லெம்மன் குடும்பம் டெக்சாஸ் போக, கப்பல் மாறுவதற்காக நியூயார்க்கில் எட்டு அடிமைகளோடு இறங்கியது. சில நாள் தங்கல்தான், அதற்குள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. நியூயார்க் மண்ணில் அடிமைத்தனம் செல்லாது என்று நீதிபதி எட்டுப் பேரையும் விடுவித்தார். அவர்கள் கனடா போய்ச் சேர்ந்தார்கள்.