ஒரு நாள் சோதனையா, ஆயுள் முழுக்கத் தொடர்வதா?
வயதானால் அறிவு மங்குமா? இதை அறிய இரண்டு வழிகள். 20, 40, 60 வயதுக்காரர்களை ஒரே சமயத்தில் சோதிப்பது குறுக்குவெட்டு ஆய்வு. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. அதே ஆட்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்வது நெடுங்கால ஆய்வு.

உளவியலாளர் வார்னர் ஷாய் 1956இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய ஆய்வில் இரண்டும் உண்டு. ஏழாண்டுக்கு ஒருமுறை சோதனை. குறுக்குவெட்டில் பார்த்தால் நடுவயதுக்கு முன்பே சரிவு. அதே ஆட்களைத் தொடர்ந்தபோதோ, பெரும்பாலான திறன்கள் 60 வயதுவரை தாக்குப்பிடித்தன. சரி, ஏன் இந்த வேறுபாடு? மூத்த தலைமுறைக்குப் பள்ளிப்படிப்பே குறைவு. அதை மூப்பின் கணக்கில் எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

நெடுங்கால ஆய்வில் பலர் பாதியில் விலகிவிடுவார்கள், சோதனையும் பழகிப்போகும். இருந்தாலும் முதுமையைப் பற்றிப் பேச அதைத்தான் நம்புவேன்.