ஆறு பெர்த்துனு காசு கட்டி நாலு பெல்ட்டு வண்டியில ஏறின கதை. மோட்டார்ஹோம் டூர் யோசிக்கறவங்க படிச்சிருங்க

நமக்கு பாபநாசம் தாலுக்கா. உரக்கடை வச்சிருக்கேன், கொஞ்சம் நிலமும் இருக்கு. இதை எழுதலாமா வேணாமானு ரொம்ப நாளா யோசிச்சேன், ஏன்னா கடை வாசல்ல உக்காந்து ஊரு நியாயமெல்லாம் பேசற ஆளு நான், நானே ஏமாந்தேன்னு தெரிஞ்சா யூரியா வாங்க வர்றவன் கூட சிரிப்பான். ஆனா போன வாரம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் என்னை ஏமாத்தின அதே டூர் ஏஜென்ட் ஆபீஸ்ல அட்வான்ஸ் கட்டிட்டு வந்து எங்கிட்டயே பெருமையா சொன்னான். அதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. பேரு போடல, கேஸ் நடக்குது.

2024-ல மேட்டூரை வழக்கம்போல ஜூன் 12 திறக்கல, ஜூலை 28 தான் திறந்தாங்க. போர்வெல் இருக்கறவங்க தவிர எங்க பக்கம் குறுவை யாரும் பெருசா போடல, கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். அப்படி சும்மா உக்காந்திருந்தப்ப தான் போன்ல அந்த வீடியோ எல்லாம் வர ஆரம்பிச்சது. மோட்டார்ஹோம்னு வீடு மாதிரி ஒரு வேனு, உள்ளயே அடுப்பு, ஃபிரிட்ஜு, கட்டில், ஏரிக்கரையில நிறுத்தி கதவைத் திறந்தா நேரா பனி மலை. எங்க வீட்டுல தினம் ராத்திரி இதே சீரியலா ஓடுச்சு. டிராக்டர்லேர்ந்து நெல்லு ஏத்தின டிப்பர் வரைக்கும் ஓட்டினவன் நான், இதென்ன பெரிய வண்டினு ஒரு மண்டைக்கனமும் இருந்துச்சு. நியூசிலாந்துல நம்ம மாதிரியே இடது பக்கம் தான் ஓட்டறது, அதனால அங்கனு முடிவு பண்ணோம். 2025 மார்ச்சு. சம்பா அறுப்பு முடிஞ்சிருக்கும், அங்க அப்ப இலையுதிர் காலம் ஆரம்பம், குளிரும் தாங்கற மாதிரி இருக்கும்.

அஞ்சு பேரு. நான், வீட்டுக்காரி, அவ அண்ணன் அதாவது என் மச்சான், அவர் சம்சாரம், அப்பறம் 72 வயசுல எங்கம்மா. ஃபிளைட் டிக்கெட்டை பெங்களூர்ல இருக்கற பொண்ணு போட்டுட்டா. வண்டியையும் நானே போட்டுத் தர்றேம்ப்பானு தான் சொன்னா. நான் தான் கேக்கல. ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் சொன்ன ஏஜென்ட், நம்ம ஊரு ஆளு, போனா டிகிரி காபி வாங்கித் தர்றாரு, அம்மா காலைத் தொட்டுக் கும்பிடறாரு. "மாமா, நீங்க கொழுந்து வெத்தலையைப் போட்டுக்கிட்டு நிம்மதியா உக்காருங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்"னாரு. வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்தேன்.

பேக்கேஜ் 6 லட்சத்து 40 ஆயிரம். 11 நாளைக்கு ஆறு பெர்த் மோட்டார்ஹோம், ஃபுல் இன்சூரன்ஸ், ஃபெர்ரி, கேம்ப், போன அன்னிக்கும் கடைசி நாளும் ஹோட்டல், இன்டர்நேஷனல் லைசென்ஸ், எல்லாம் சேர்த்து. அதுக்கு மேல டிசிஎஸ்னு, வெளிநாட்டு டூருக்குக் காசு வாங்கும்போதே ஏஜென்ட் பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டற வரி, 5 சதவீதம், 32 ஆயிரம். வரி கட்டும்போது கழிச்சுக்கலாம் மாமானாரு. கட்டினதும் வழவழனு கலர்ல ஒரு வவுச்சர் வந்துச்சு, மேல அவர் ஆபீஸ் லோகோ, நடுவுல பச்சை எழுத்துல கன்ஃபர்ம்டுனு போட்டு கீழ ஒரு நம்பர். அதை பூஜை ரூம்ல வச்சு எடுத்தாங்க எங்கம்மா.

லைசென்ஸ் கதையை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா எனக்கு உறைச்சிருக்க வேண்டிய முதல் இடம் அது தான். இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டுக்கு பேக்கேஜ்ல அவர் போட்டிருந்தது 12 ஆயிரம். ஆர்டிஓ ஆபீஸ்ல ஃபார்ம் 4ஏ குடுத்தா அரசாங்க ஃபீஸ் 1000 ரூபா. அதுவும் நம்ம ஸ்மார்ட் கார்டு லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருக்கறதால நியூசிலாந்துல ஓட்ட அதுவே செல்லும், சாதாரண கார் லைசென்ஸ்லயே 6000 கிலோ வரைக்கும் வண்டி ஓட்டலாம். சில வாடகைக் கம்பெனி பர்மிட் கேக்கும்னு எடுத்து வச்சுக்கறது நல்லது தான், 1000 ரூபாய்க்கு. உரத்துக்கு ஒரு ரூபா கூட வச்சா ஊரைக் கூட்டற சனங்களுக்கு மத்தியில கடை நடத்தற நான், இதைக் கேக்கவே இல்ல.

சரி, நியூசிலாந்துல நாங்க இறங்கின கிறைஸ்ட்சர்ச்சு. மறுநாள் காலையில வண்டி எடுக்கப் போறோம், மச்சான் தேங்காய் எல்லாம் வாங்கி ரெடியா வச்சிருந்தாரு, டயருக்கு முன்னாடி உடைக்கணும்னு. கவுன்டர்ல ஒரு பொண்ணு, ரொம்ப பொறுமையான பொண்ணு, நம்பரைத் தட்டிப் பாத்துட்டு எங்களை எண்ணினா. திரும்ப எண்ணினா. அப்பறம் கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்பினா. அந்த நம்பர்ல இருந்தது நாலு பெர்த் வண்டி. நாலு பேருக்கு. ஸ்டாண்டர்டு இன்சூரன்ஸ் கவர். எக்ஸ்ட்ரா ஒண்ணும் கிடையாது. ஆறு பெர்த்து, ஃபுல் இன்சூரன்ஸ் எல்லாம் நம்மாளு கும்பகோணத்துல உக்காந்து அவரே டைப் அடிச்சது. கம்பெனிலேர்ந்து வர்ற கன்ஃபர்மேஷன் மெயிலுக்கு எங்க மெயில் ஐடி குடுக்காம அவரோடதைக் குடுத்திருக்காரு, அதனால ஒரிஜினல் பேப்பர் எங்க கண்ணுலயே படல.

அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்மா, ஒருத்தர் கீழ படுத்துக்கறோம்னு மச்சான் சொல்லிப் பாத்தாரு. அப்ப தான் விஷயமே புரிஞ்சது. பெர்த்துன்னா படுக்கற எடம், பெல்ட்டுன்னா ஓடும்போது உக்கார்ற எடம், ரெண்டும் வேற வேற கணக்கு. அந்த வண்டியில சீட் பெல்ட் நாலு தான், அஞ்சாவது ஆளு ஏறவே கூடாது. நம்ம ஊர்ல டாடா ஏஸ்ல இருபது பேரு காதுகுத்துக்குப் போறோம், அங்க அந்தப் பேச்சே எடுபடல, எடுபடாததும் சரி தான். பெரிய வண்டி மார்ச்சு மாசம் முழுக்க புக்காயிடுச்சாம்.

அடுத்தது பாண்டு. வண்டி அடிபட்டா நம்ம பொறுப்பு இவ்வளவுனு ஒரு தொகை, எக்ஸஸ்னு சொல்றாங்க, எங்க கவர்ல அது 7500 நியூசிலாந்து டாலர், அப்ப ரேட்டுக்கு மூணேமுக்கால் லட்சம். அதை ஓட்டறவர் பேருல இருக்கற கிரெடிட் கார்டுல பிடிச்சு வைப்பாங்க, டெபிட் கார்டு வாங்க மாட்டேன்னுட்டாங்க. என் கார்டு லிமிட்டு 2 லட்சம். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கேனு பேப்பரை நீட்டினா அது இங்க எடுத்த டிராவல் இன்சூரன்ஸ், நமக்கு காய்ச்சல் வந்தா காசு வரும், வேன் கண்ணாடி உடைஞ்சா சல்லிக்காசு வராது. கடைசியில ஒரு நாளைக்கு 50 டாலர்னு 11 நாளைக்கும் கட்டி கவரை ஏத்தினோம். அதுலயும் மேல் கூரையும் அடி வயிறும் சேராதுனு அந்தப் பொண்ணு ரெண்டு தடவை சொல்லி கையெழுத்து வாங்கினா. மூணு மீட்டருக்கு மேல உயரம், எங்க ஊரு ரயில்வே கீழ்பாலம் தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

டீசல் வண்டிக்கு அங்க ரோடு வரி பம்புல சேர்றதில்ல, ஓடின கிலோமீட்டருக்கு தனியா கட்டணும். வண்டியைத் திருப்பி விடும்போது அதுவும் வரும்னா. எங்க வவுச்சர்ல அன்லிமிடெட் கிலோமீட்டர்னு போட்டிருந்துச்சு, அது உண்மை தான், எவ்வளவு வேணா ஓட்டலாம், வரி கட்டிட்டு.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். அங்க காலை பத்து மணின்னா இங்க விடிகாலை ரெண்டரை. எடுக்கல. மதியம் ஒரு வாய்ஸ் நோட்டு வந்துச்சு, "மாமா டென்ஷன் ஆகாதீங்க, சிஸ்டம் எரர், நான் பேசிக்கறேன்". இன்னிக்கு வரைக்கும் யாருகிட்ட பேசினாருனு தெரியல.

வேற வழியில்லாம மச்சான் பஸ்ல வந்தாரு. நாங்க நாலு பேரு வண்டியில, அவரு மட்டும் கிறைஸ்ட்சர்ச்லேர்ந்து டெகாபோவுக்கு பஸ்ஸு, அப்பறம் குவீன்ஸ்டவுனுக்கு பஸ்ஸு, ராத்திரிக்கு ஹாலிடே பார்க்னு காசு கட்டித் தங்கற கேம்ப் இடத்துல தனி கேபின். ஒவ்வொரு ஊர்லயும் எங்களுக்கு முன்னாடியே இறங்கி காபி குடிச்சுக்கிட்டு நிப்பாரு. அவர் சம்சாரம் ஜன்னல் வழியா பஸ்ஸு போற ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தது, அதைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

டெகாபோ போயி நிதானமா ஏஜென்ட் குடுத்த பிளானைப் பிரிச்சுப் பாத்தோம். அதுல ஃபெர்ரினு 62 ஆயிரம். வெலிங்டன்லேர்ந்து பிக்டனுக்குப் போற கப்பல், வட தீவையும் தென் தீவையும் சேர்க்கறது. நாங்க இறங்கினது கிறைஸ்ட்சர்ச்சு, ஏறப்போறதும் கிறைஸ்ட்சர்ச்சு, ரெண்டுமே தென் தீவு, கடல்ல காலே நனைக்கல. கும்பகோணத்துலேர்ந்து தஞ்சாவூர் போறவன்கிட்ட அணைக்கரை பாலம் தாண்டக் காசு வாங்கின மாதிரி. எனக்குக் கோவம் ஏஜென்ட் மேல பாதி, மேப்பைக் கூட விரிச்சுப் பாக்காத என் மேல பாதி.

கேம்புனு ஏழு ராத்திரிக்குப் போட்டிருந்தது எல்லாம் ஃப்ரீ கேம்பிங். எங்க வேணா ஏரிக்கரையில நிறுத்திக்கலாம்னு சொன்னாரு. அப்படி இல்லங்க. டாய்லெட், தண்ணி டேங்க் எல்லாம் உள்ளயே இருந்து சர்டிஃபிகேட் வாங்கின வண்டி, அதுவும் அந்தந்த ஊரு கவுன்சில் விட்ட இடத்துல மட்டும் தான். தப்பா நிறுத்தினா ஃபைன் நூத்துக்கணக்குல, டாலர்ல. குவீன்ஸ்டவுன் பக்கம் ரொம்பவே கண்டிப்பு. பயந்துக்கிட்டு ஹாலிடே பார்க்லயே பவர் சைட் எடுத்து நிறுத்தினோம், கரன்ட்டு கனெக்‌ஷனோட. அம்மாவுக்கு ராத்திரி ஹீட்டர் இல்லாம முடியாது.

அப்பறம் டாய்லெட். தினமும் ஆளு வந்து க்ளீன் பண்ணிட்டுப் போயிடுவாங்கனு சொல்லியிருந்தாரு. எந்த ஆளும் வரமாட்டான். அடியில ஒரு பெட்டி இருக்கும், சக்கரம் வச்சது, அதை நாமளே உருவி டம்ப் ஸ்டேஷன்ல கொட்டி அலசி மாட்டணும். முதல் நாள் யாரு பண்றதுனு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். நான் தான் பண்ணேன், பத்து நிமிஷ வேலை, நம்மளுது நாம கழுவறதுல என்ன இருக்கு. சொல்லாம மறைச்சது தான் தப்பு.

பிளான்ல குவீன்ஸ்டவுன்லேர்ந்து மில்ஃபோர்டு சவுண்டுங்கற இடத்துக்குப் போயிட்டு சாயங்காலம் திரும்பறதா இருந்துச்சு. ஒரு பக்கம் மட்டும் 290 கிலோமீட்டர் கிட்ட, இந்த வண்டியில நாலு மணி நேரத்துக்குக் குறையாது. மேப்புல பக்கம் பக்கமா தெரியும், நடுவுல மலை. நாங்க வழியில இருக்கற டெ அனாவுல தங்கிட்டு டேங்கை ரொப்பிக்கிட்டுப் போனோம், அதுக்கு மேல பம்ப்பை நம்பாதீங்க. ஒத்தை வண்டி பாலம் நிறைய வரும். நம்ம வாய்க்கால் பாலத்துல எவன் முதல்ல ஹாரன் அடிக்கறானோ அவனுக்குப் பாலம், அங்க போர்டுல நம்ம பக்கத்து அம்பு சின்னதா சிவப்பா இருந்தா நாம நிக்கணும், அவ்வளவு தான். ஓட்டறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, அதையும் சொல்லணும். மலையும் ஏரியும் வீடியோவுல பாத்ததை விட நல்லாவே இருந்துச்சு.

இன்னொண்ணு, இது பெரிய ஆபத்து. ஏர்போர்ட் ஃபார்ம்ல சாப்பாட்டு சாமான் எதுவும் இல்லனு டிக் பண்ணிடுங்கனு சொல்லி அனுப்பினாரு. வீட்டுக்காரி கேக்கல, புளிக்காய்ச்சல், வடகம், கறிவேப்பிலைனு அத்தனையும் எழுதிட்டா. கறிவேப்பிலையை எடுத்துக்கிட்டாங்க, மிச்சத்தைப் பாத்துட்டு விட்டுட்டாங்க. சொல்லிட்டா ஃபைன் கிடையாது. மறைச்சு மாட்டினா அங்கயே 400 டாலர்.

ஊருக்கு வந்து கணக்குப் பாத்தா பேக்கேஜுக்கு மேல ஒண்ணேமுக்கால் லட்சம் கையை விட்டுப் போயிருக்கு. ஜூலையில ஆடிட்டர்கிட்ட 26ஏஎஸ் எடுக்கச் சொன்னேன், நம்ம பேன் நம்பர்ல யாரு எவ்வளவு வரி கட்டியிருக்காங்கனு அதுல தெரியும். அந்த 32 ஆயிரம் அதுல இல்லவே இல்ல. பில்லுல வாங்கினவரு அரசாங்கத்துக்குக் கட்டல. ஆபீஸுக்குப் போனேன். இந்தத் தடவை காபி வரல. ரசீதுக்குப் பின்பக்கம் பொடி எழுத்துல ஒரு வரியைக் காட்டினாரு, அவங்க வெறும் இடைத்தரகராம், வெளிநாட்டு சேவைக்குப் பொறுப்பில்லையாம். உரம் கலப்படமா இருந்தா நானும் ஃபேக்டரியைக் கேளுனு சொல்லிட்டுப் போகலாமா?

வக்கீல் வச்சு நோட்டீஸ் விட்டு, பதில் வராம இ-ஜாக்ரிதினு நுகர்வோர் கோர்ட்டு வெப்சைட்ல புகார் போட்டாச்சு. கட்டின தொகை 5 லட்சத்துக்கு மேல 10 லட்சத்துக்குள்ளனா ஃபீஸ் 200 ரூபா தான், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது. நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். எங்களுக்குத் தஞ்சாவூர். கேஸ் நிக்கறதே அந்த வாய்ஸ் நோட்டுனால தான், மொத்தம் 14 இருக்கு, "ஆறு பெர்த் கன்ஃபர்ம் மாமா"னு அவர் வாயாலயே சொன்னது. போனை மாத்தாதீங்க, எதையும் அழிக்காதீங்கனு வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டாரு, அதனால டிஸ்ப்ளே உடைஞ்ச அதே போனை வச்சுக்கிட்டு திரியறேன்.

அந்தப் பையன் கட்டினது இந்த மாசம் தான், அவனை நேத்து உக்கார வச்சு, வவுச்சர்ல இருக்கற நம்பரைப் போட்டு வாடகைக் கம்பெனிக்கே மெயில் அனுப்ப வச்சேன். எத்தனை பெல்ட்டு, எக்ஸஸ் எவ்வளவு, பாண்டுக்கு எந்த கார்டு, யாரு மெயில் ஐடியில புக்காயிருக்குனு நாலே கேள்வி. காலையில பதில் வந்துடுச்சு. அப்படி ஒரு நம்பரே அவங்ககிட்ட இல்லையாம். பணத்தைக் கேக்க அவனும் நானும் நாளைக்குச் சேர்ந்து போறோம். பச்சை எழுத்துல கன்ஃபர்ம்டுனு போட்ட வவுச்சர் வேற யாரு கையிலயாவது இருந்தா சொல்லுங்க.